தனி விமானத்தில் என் சகலன்

நான் இதுவரை ஒரே ஒரு மனிதனைப் பார்த்துத்தான் மனதார, வயிறு எரிய, தொழுகையில் நிற்கும்போதுகூட மறக்க முடியாமல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவன் அமைச்சர் அல்ல, கோடீஸ்வரனும் அல்ல. வெங்காயம் வெட்டுகிறவன். ஆனால் அந்த வெங்காயத்தை அவன் மேகத்துக்கு மேலே வெட்டுகிறான்.

பாஹிம் என் சகலன். என் மனைவி நஸ்ரினின் தங்கையைக் கட்டியவன். கல்முனையில் எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஒரே வளவில் பக்கம் பக்கமாக இரண்டு வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டு மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார். ஆகவே எனக்கும் பாஹிமுக்கும் நடுவில் இருப்பது நாலரை அடி மதில் ஒன்றுதான். பொறாமைப்படுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது.

நான் விலங்கியல் படிப்பிக்கிற ஆசிரியன். பனிக்கரடியின் உரோமத்துக்குக் கீழே தோல் கறுப்பு என்பதையும், ஒராங் உட்டானின் கை அதன் காலைவிட நீளம் என்பதையும் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் நான் பார்த்த ஆகப் பெரிய காட்டு மிருகம் யானை. (அதுவும் பஸ் யன்னலால். அதுவும் பின்பக்கம்.)

பாஹிமோ விஞ்ஞானப் பாடத்தில் மூன்று தடவை கோட்டை விட்டவன். வளைகுடா ஹோட்டல்களில் சமைத்துக்கொண்டிருந்தவனை ஒரு கம்பனி கூட்டிப்போனது. அந்தக் கம்பனியின் வேலையே பெரும் பணக்காரர்கள் நாற்பது பேரைத் தனி விமானத்தில் ஏற்றி, மிருகங்களைக் காட்டுவதற்கென்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருவதுதான். இந்தக் கிழமை ருவாண்டாவில் கொரில்லா, அடுத்த கிழமை மடகஸ்காரில் லீமர், அதற்கடுத்ததாகப் போர்னியோ. கட்டில் மாதிரி நீளும் இருக்கைகள். சமையல்காரன்தானே, விமானத்திலேயே இருப்பான் என்று நானும் முதலில் ஆறுதலாகத்தான் இருந்தேன். ஆனால் காட்டுக்குள் போகிறவர்களுக்கும் பசிக்குமாம். கூடையைத் தூக்கிக்கொண்டு இவனும் கூடவே போய்விடுவான்.

போய்ச் சும்மா இருப்பானா? எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் படம் போடுவான். ஒருநாள் பாறையில் படுத்திருக்கும் ஒரு பிராணியுடன் நின்று, "கடல் நாயோடு நான்" என்று எழுதியிருந்தான். உடனே நான், "இது கடல் நாய் அல்ல, கடற்சிங்கம். காது மடலைக் கவனிக்கவும்" என்று பதில் போட்டேன். அவன் படத்துக்கு முப்பத்தொரு இதயங்கள் விழுந்தன. என் திருத்தத்துக்கு ஒருவரும் ஒன்றும் போடவில்லை. நஸ்ரின்கூட.

சின்ன மகள் வீட்டில் இருக்கும் மாமி வேறு பின்னேரத் தேத்தண்ணியோடு போனை நீட்டுவார்.

"மகன், இது குரங்கா?"

"இல்ல மாமி, லீமர்."

"வாலப் பாத்தாக் குரங்கு மாதிரித்தான் கிடக்கு. மாஷா அல்லாஹ், சின்ன மருமகனுக்குப் பக்கத்தில எவ்வளவு மரியாதையா இரிக்கி பாருங்க."

இருபது வருடம் படிப்பித்தும் எனக்குப் பக்கத்தில் ஒன்றுமே மரியாதையாக இருந்ததில்லை.

இப்படி எரிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த விமானம் இலங்கைக்கு வந்தது. தெற்கே இறங்கி, சிறுத்தை பார்த்து முடித்து, எல்லோரும் பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். பாஹிம் காலையிலேயே போன் எடுத்தான். (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன், பறவை அல்ல.)

"காக்கா, ஒரு உதவி. எங்கட ஆக்களோட வாற மிருக நிபுணருக்கு வயித்தால போகுது, படுத்திட்டார். இண்டைக்குப் பின்னேரம் ஆறு பேரக் குளத்தடிக்குக் கூட்டிப்போய் ஆனயக் காட்டணும். விளக்கம் சொல்ல ஒங்களப் போல ஆரிரிக்கா? நான் ஒங்களப் பத்திச் சொல்லிட்டன்."

"பாப்பம், இன்ஷா அல்லாஹ்" என்று பெரிய மனிதர் மாதிரிச் சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு பாடசாலைக்கு லீவு அறிவித்தேன்.

என் மனதில் ஓடிய படத்தை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. நான் விளக்கம் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் வாய் பிளக்கிறார்கள். "இவரை விட்டுவிட்டா போவது?" என்கிறார்கள். அடுத்த படத்தில் நான் கட்டில் மாதிரி நீளும் இருக்கையில் சாய்ந்திருக்கிறேன். திரையை விலக்கிக்கொண்டு பாஹிம் வந்து, "காக்கா, சூப் வேணுமா?" என்று கேட்கிறான்.

அந்தப் படத்துக்கேற்ற உடுப்பு வேண்டுமே. கடைத்தெருவில் கையில்லாத ஒரு மேலங்கி வாங்கினேன். அதில் பதினொரு பைகள். ஒன்றில் பேனை வைத்தேன், இன்னொன்றில் பேரீச்சம்பழம். மற்ற ஒன்பதையும் சும்மா மூடித் திறந்து பார்த்தேன்.

நஸ்ரின் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மீன் பிடிக்கவா போறீங்க?"

பொத்துவில் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆறு பேரும் சாயம் போன சேட்டும் சாதாரணச் செருப்புமாக நின்றார்கள். எங்களில் பணக்காரனாகத் தெரிந்தது நான் ஒருவன்தான். பயணத்துக்குப் பொறுப்பான பெண் என்னிடம் ஒரே ஒரு விடயம் சொன்னாள்: குளக்கட்டை விட்டு ஒருவரும் கீழே இறங்கக் கூடாது. நான் தலையாட்டினேன். அவள் நோயாளியைக் கவனிக்க ஹோட்டலிலேயே நின்றுவிட்டாள். பாஹிம் சாப்பாட்டுக் கூடையுடன் எங்களோடு வந்தான்.

குளக்கட்டில் போய் நின்றோம். யானை இல்லை. நீர்க்காகம் இருந்தது. நீர்க்காகத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். பிறகும் யானை இல்லை. ஆறு பேரில் மார்கரெட் என்று ஒரு பெண்மணி, வயது எண்பதை நெருங்கும், மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "ருவாண்டாவில் கொரில்லா இதோ, அந்தப் பற்றை இருக்கிற தூரத்தில் இருந்தது."

அவர் குறை சொல்லவில்லை. என் காதில் மட்டும் குறையாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து பாஹிம் கூடையைத் திறந்து சூடான பற்றீஸ் எடுத்துக் கொடுத்தான். ஆறு பேரின் முகமும் மலர்ந்தது. யானை பார்க்க வந்த கூட்டம் பற்றீஸைப் பார்த்துக் கெமராவைத் தூக்கியது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"எல்லோரும் என் பின்னால் வாருங்கள்" என்றேன்.

பாஹிம் என் கையைப் பிடித்தான். "காக்கா, கட்டால இறங்க வேணாமெண்டு சொன்னவங்கல்லவா?"

"ஆனயப் பத்தி நீயா படிப்பிக்கிற, நானா?"

அவன் கையை விட்டுவிட்டான். நாங்கள் இறங்கினோம். ஆளுயரப் புல்லுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு முன்னால் ஒரு பெரிய கறுப்பு முதுகு அசைந்தது. வளைந்த கொம்பு. சேறு அப்பிய உடம்பு. நான் கையை உயர்த்தி எல்லோரையும் குந்தவைத்தேன்.

"காட்டெருமை," என்று கிசுகிசுத்தேன். "மிக அரிது. யானையைவிட ஆபத்தானது. முகர்ந்தே மனிதனின் பயத்தைக் கண்டுபிடிக்கும்." (கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடத்தில் பிறந்தது.) "என்ன நடந்தாலும் ஒருவரும் ஓட வேண்டாம். அசையாமல் இருங்கள்."

கெமராக்கள் மெல்ல மெல்லச் சொடுக்கின. ஒருவர் கண் கலங்கினார். உலகம் சுற்றிய அந்த ஆறு பேரும் எங்கும் பார்க்காத ஒன்றை நான் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி பாஹிமைப் பார்த்தேன். கூடையைக் கட்டிப் பிடித்தபடி அவனும் குந்தியிருந்தான். வாழ்க்கையிலேயே நான் பொறாமை இல்லாமல் அவனைப் பார்த்தது அப்போதுதான். ஒரு கால் மணித்தியாலம் இருக்கும்.

அதன்பிறகு அந்த எருமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

ஒருவரும் ஓடவில்லை. நான் ஓடினேன்.

பக்கத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. நாற்பத்து நாலு வயதில், இந்தத் தொந்தியோடு, எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏறிய பிறகுதான் மரத்தில் எனக்கு முன்பே முசுறுகள் குடியிருப்பது தெரிந்தது. சிவப்பு எறும்பு, இலையைச் சுருட்டிக் கூடு கட்டுகிற சாதி. அதன் அமிலத்தைப் பற்றியும் நான் படிப்பித்திருக்கிறேன். இறங்கப் பார்த்தால் மேலங்கியின் ஏதோ ஒரு பை கிளையில் மாட்டிக்கொண்டது. மரத்தண்டைக் கட்டிப் பிடித்து, முகத்தைப் பட்டையில் அழுத்தியபடி தொங்கினேன்.

கீழே மார்கரெட் மிகவும் பணிவாகக் கேட்டார்: "நாங்களும் ஏற வேண்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் ஆட்களிடையே "ஆ" என்று ஒரு சத்தம் எழுந்தது. பிறகு கெமராச் சத்தம், மழை மாதிரி.

"என்ன பாஹிம்?"

"காக்கா, ஆன வந்திட்டு. பதினாலு நிக்கி. ரெண்டு குட்டி."

"எங்க?"

"ஒங்கட முதுகுக்குப் பின்னால."

திரும்ப முடியவில்லை. யானைகள் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. குட்டி ஒன்று பிளிறியதும் கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாவல் பட்டையும், என் மூக்கை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்த முசுறும்தான்.

அப்போது கையில் வாளியோடு சாரம் கட்டிய ஒரு மனிதர் புல்லை விலக்கிக்கொண்டு வந்தார். நேரே காட்டெருமையிடம் போய் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ரோசா, எங்கயெல்லாம் தேடுற ஒன்ன? பால் கறக்கிற நேரமெல்லவா?"

பிறகு அண்ணாந்து பார்த்தார். "ஆரது மேல? கல்முனை சேரா? அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கட மகளுக்கு நீங்கதானே படிப்பிச்ச. இறங்குங்க சேர், அது ஒண்டும் செய்யா. சின்னப் புள்ளயளும் அதில ஏறி விளையாடுறவங்க."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றேன், பட்டையிடம்.

மார்கரெட் அதற்குள் ரோசாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பாஹிம்தான் ஏறி வந்தான். கூடையிலிருந்த பழம் வெட்டும் கத்தியால் மேலங்கியை அறுத்து, என் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிளையில் வைத்து இறக்கினான். அவன் கழுத்தையும் முசுறு கடித்தது.

ஹோட்டலில் பொறுப்பான பெண்ணுக்கு விடயம் தெரிந்ததும் அவள் முகம் சிவந்தது. என்னை அவள் பார்க்கக்கூட இல்லை. குளக்கட்டிலிருந்து ஆட்களை இறக்கியது யார் என்று பாஹிமிடம்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவன், "என் பிழை, நான்தான் இவரைக் கூட்டி வந்தேன்" என்றான். அடுத்த பயணத்துக்கு அவனை எடுப்பதா என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கேட்டதும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோசமாக இருந்தது. இனி மதிலுக்கு அந்தப் பக்கமும் என்னைப் போல ஒருவன் என்று. அடுத்த கணம் அவன் கழுத்தில் தடித்திருந்த கடிகளைப் பார்த்தேன். வீங்கிய முகத்தோடு அவளுக்குப் பின்னால் ஓடி, எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் செலவழித்து, "பிழை என்னுடையது, இவனைவிட நான் பெரியவன் என்று காட்ட நினைத்தேன்" என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. பேசி முடிப்பதற்குள் என் கண் இரண்டும் வீங்கி மூடிப்போனதால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போக முன்பே ரோசாவின் சொந்தக்காரர் கல்முனையில் இருக்கும் தன் மகளுக்குப் போன் எடுத்துவிட்டார். கல்முனையே வாசலில் நின்றது. மாமி மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டார்: "மகன், நீங்க அத ஆனயெண்டு நினைச்சா ஏறின?"

"இல்ல மாமி. எருமையெண்டுதான்."

மாமி இன்னும் கொஞ்சம் மஞ்சள் குழைத்தார்.

பாஹிமின் வேலை போகவில்லை. மார்கரெட் கம்பனிக்குக் கடிதம் எழுதினாராம், முழுப் பயணத்திலும் தன்னை ஆகச் சிரிக்க வைத்த நாள் அதுதான் என்று. அதோடு அவர் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். கம்பனி அந்தப் பயணத்தின் படங்களைச் சேர்த்து ஒரு கனமான புத்தகம் அச்சடித்தது. பாஹிம் ஒரு பிரதி கொண்டுவந்தான். மாமி இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை விரித்துக் காட்டுகிறார். "இது கொரில்லா. இது லீமர், குரங்கில்ல. இது எங்கட மூத்த மருமகன்." முழுப்பக்கம். நாவல் மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நான். எனக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பதினாலு யானைகள்.

(அந்த யானைகளை நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். நல்ல யானைகள்.)

அந்தப் புத்தகம் விமானத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறதாம். எந்த நாட்டில் இறங்கினாலும் பாஹிம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போடுவான்: "காக்கா, இப்ப நீங்க அலாஸ்காவில." இதயங்கள் வந்து விழும். முப்பத்தொன்றைத் தாண்டியும் விழுந்திருக்கின்றன. நான் இன்னும் கடவுச்சீட்டுக்கூட எடுக்கவில்லை. என் படம் மட்டும் உலகத்தை மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வயிறு எரியத்தான் செய்கிறது.

நேற்றும் செய்தி வந்தது, பனிக்கரடி ஊரில் இறங்கியிருக்கிறேனாம். மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார்:

"மகன், அங்க குளிருமெல்லவா? அந்தக் கிழிஞ்ச மேலங்கியோடயா நிக்கிறீங்க?"