பிஸ்கட் டப்பா நாட்டுக் குழந்தைகள்

சிறுவர் பண்பாட்டுத் துறையின் கண்காணிப்பாளர் மனசாட்சி உள்ள மனிதர். அலுவலக நேரத்தில் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார் என்பதைத் தவிர அவர்மேல் வேறு குறை சொல்ல முடியாது. எந்தச் சுற்றறிக்கை எழுதினாலும் அதற்கு ஓர் இணைப்பு, அந்த இணைப்புக்கு ஒரு விளக்கக் குறிப்பு என்று எழுதித் தள்ளுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'இணைப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலை துறையின் இயக்குநர் அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உலக நாடுகளோட குழந்தைப் பருவ வழக்கம், அன்றாட உடை இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும் சார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாடு. அந்த நாட்டுக் குழந்தைங்க மாதிரியே உடுத்திட்டு வரணும். அவங்க என்ன செய்வாங்களோ அதைச் செய்யணும். என்ன சொல்றீங்க?"

"பிரமாதம் மேடம்" என்றார் இணைப்பு. அம்மா பாதியில் நிறுத்தியிருந்தாலும் இவர் அதையேதான் சொல்லியிருப்பார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஒத்துக்கொள்ளத்தான் கூச்சம்.

எல்லாத் தூதரகங்களுக்கும் கடிதம் போனது. ஒரு மாதத்தில் புகைப்படங்கள் உறை உறையாக வந்து குவிந்தன. எதைப் பிரித்தாலும் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை, முட்டியில் மண். ஒரு நாட்டுப் பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னொரு நாட்டுப் பெண் ஒரு கால் செருப்போடு மறுகால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் அம்மா முகம் சுருங்கிப் போனது. "என்ன சார் இது? எங்க தெருப் பசங்க மாதிரியே இருக்காங்க. இது எந்த நாடு?"

"எல்லா நாடும் கலந்திருக்கு மேடம்."

"இதைப் போய்க் குழந்தைங்ககிட்ட காட்டினா என்ன ஆகும்? உலகத்துல எல்லாரும் நம்மள மாதிரிதான்னு நினைச்சிட மாட்டாங்களா?"

"ஆபத்துதான் மேடம்."

அன்று மாலையே இணைப்பு மூன்று பிறந்தது. 'அன்றாட உடை என்பது சம்பந்தப்பட்ட நாட்டில் அன்றாடம் அணியப்படும் உடையோடு குழப்பிக்கொள்ளத் தக்கதன்று. பார்த்த மாத்திரத்தில் வெளிநாடு என்று தெரியும் வண்ணம் அமைந்த உடையே அன்றாட உடை எனக் கொள்ளப்படும்.' எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். தன் எழுத்து தனக்கே இவ்வளவு பிடித்துப்போனதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு நாடாக ஆதாரம் தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு நாடுதான் மிச்சம். அந்த நாட்டைப் பற்றி அலுவலகத்தில் இருந்தது குண்டூசி போட்டு வைத்திருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பா மட்டுமே. அங்கிருந்து வந்த டப்பா. மூடியில் ஒரு குழந்தைப் படம். தலையில் மணி கட்டிய கூம்புத் தொப்பி, கழுத்தில் சிவப்புக் குஞ்சம். குழந்தை ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வழுக்கி விழப் போகிற குழந்தையாகவும் இருக்கலாம். துறை அப்படி நினைக்கவில்லை. 'இந்நாட்டுச் சிறார் பெரியோரைக் காணுங்கால் ஒற்றைக் காலில் நின்று மரியாதை செலுத்துவர்' என்று கையேட்டில் ஏறிவிட்டது.

அந்த நாடு போய் விழுந்தது இணைப்பின் மகள் படிக்கிற பள்ளிக்கு.

மகளுக்கு எட்டு வயது. அப்பா எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அவள் குதித்தாள். காரணம் தொப்பி அல்ல. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த குடும்பம் அந்த நாட்டிலிருந்துதான் வந்திருந்தது. அம்மா குடிநீர் நிலையத்தில் பொறியாளர். அவர் மகளும் இவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தலையில் பேன் வந்தால்கூட இருவருக்கும் சேர்ந்தேதான் வரும்.

"அப்பா, அவ நாடேப்பா! அவதான் முதல் வரிசையில நிப்பா. நான் அவ பக்கத்துல நிக்கட்டுமா?"

"நில்லும்மா."

"அவளை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே? இன்னும் சரியாப் பேச வரலைன்னு வகுப்புல சிரிக்கிறாங்க. அன்னைக்கு ஒரு நாளாவது சிரிக்கக் கூடாது."

"நான் பார்த்துக்கிறேன், போதுமா?" என்றார் இணைப்பு. மனதாரத்தான் சொன்னார். அப்போது வீட்டில் இருந்தார்.

விழா நாளன்று பள்ளி வாசலில் மேசை போட்டு இணைப்பே உட்கார்ந்திருந்தார். கையில் சரிபார்ப்புப் பட்டியல். தொப்பி, மணி, குஞ்சம் என்று பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். நானூறு பிள்ளைகள் கிணுகிணுவென்று போனார்கள். அவர் மகளும் தொப்பியோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாடி வீட்டுப் பெண் வந்தாள். வாத்துப் படம் போட்ட மஞ்சள் டீ-ஷர்ட், முழங்கால் வெளுத்த கால்சட்டை. அவள் அம்மா பின்னால் நின்றார்.

இணைப்பு பட்டியலைப் பார்த்தார். வாத்து இல்லை.

"இது... உங்க நாட்டு அன்றாட உடை இல்லையேம்மா" என்றார்.

"தினமும் இதுதான் சார் போடறா" என்றார் பொறியாளர். "அங்கயும் இதுதான் போட்டா. அந்தத் தொப்பியை நான் இங்கதான் பார்க்கிறேன்."

பக்கத்தில் நின்றிருந்த இயக்குநர் அம்மா இரக்கத்தோடு சிரித்தார். "நீங்க அங்க வாழ்ந்து மட்டும்தானே இருக்கீங்க? நாங்க மூணு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்."

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். 'போகட்டும், குழந்தைதானே' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் விதிவிலக்குக்கென்று அவர் ஓர் இணைப்பு எழுதியிருக்கவில்லை. விதியை வேறு யாராவது எழுதியிருந்தால்கூடத் துணிந்து மீறியிருப்பார். தானே எழுதியதை எப்படி மீறுவது?

"நீ உள்ளே போம்மா. இவளை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

மகள் கையை விட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தொப்பி மணி போகப் போகக் கேட்டது.

அப்போதுதான் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. அந்த நாட்டுத் தூதரகத்தின் பண்பாட்டு அதிகாரி. வாசலில் நின்ற வாத்துச் சட்டையைக் கண்டதும் அவர் நின்று, தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள்.

"என்ன கேட்டார்?" என்று பொறியாளரிடம் மெல்ல விசாரித்தார் இணைப்பு.

"உள்ள இருக்கிறவங்க எல்லாம் யாருன்னு கேட்டார்."

"குழந்தை என்ன சொல்லுச்சு?"

"'நாமதான்'னு சொன்னா."

உள்ளே நானூறு பிள்ளைகள் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் வெகுநேரம் பார்த்தார். இணைப்புக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இப்போது இவர் சிரிக்க வேண்டும், அல்லது கோபப்பட வேண்டும். எதைச் செய்தாலும் அந்தப் பெண் உள்ளே போய்விடலாம். தான் வாயைத் திறக்காமலே நியாயம் நடந்துவிடும்.

விருந்தினர் தொண்டையைச் செருமினார். "எங்கள் நாட்டில் அன்றாட உடைக்கு இவ்வளவு தெளிவான வரையறை இதுவரை இல்லை" என்றார். "அழைப்பிதழில் குறிப்பிட்டிருந்த அந்த இணைப்பு மூன்று, எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?"

எந்த நாடாக இருந்தால் என்ன, அதிகாரி அதிகாரிதான். விருந்தினரே ஒப்புக்கொண்ட பிறகு விதியைத் தளர்த்தினால் அவரை அவமதித்ததாகிவிடும். மாடி வீட்டுப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். உள்ளே கைதட்டல் பலமாக இருந்தது.

அதன்பிறகு மகள் அப்பாவிடம் அளந்துதான் பேசினாள். சாப்பாடு ஆயிற்று என்பாள். பேனா வேண்டும் என்பாள். அவ்வளவுதான். அது இணைப்பைத் தின்றது. மனைவியிடம் சொன்னால், "உங்க பொண்ணு, உங்க சுற்றறிக்கை. நடுவுல நான் எதுக்கு?" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. இணைப்பு மூன்றை அவர்கள் நடைமுறைப்படுத்திவிட்டார்களாம். தொப்பி இல்லாமல் வந்த பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதிலுக்கு, உங்கள் நாட்டுக் குழந்தைப் பருவ வழக்கம் ஒன்றை உங்கள் குழந்தைகள் கையாலேயே எழுதி அனுப்ப வேண்டும், நாங்களும் அதன்படி விழா நடத்துவோம் என்று கேட்டிருந்தார்கள்.

அதே பள்ளிப் பிள்ளைகள் எழுதிய படிவங்கள் வந்தன. நானூறும் இணைப்பின் மேசைக்கே வந்தன. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியவை. 'நாங்கள் மூத்தோரை மதிப்போம். உண்மையே பேசுவோம்.' முத்திரையை எடுத்துக் குத்திக்கொண்டே போனவரின் கை ஒரு படிவத்தில் நின்றது. கையெழுத்து தெரிந்த கையெழுத்து.

'எங்கள் நாட்டில் விழா என்றால் சிநேகிதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவோம். அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். பிறகு எல்லோரும் கைதட்டுவோம்.'

அழுகை வந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் 'சரிபார்க்கப்பட்டது, உண்மை' என்று முத்திரை குத்தினார். இருபது வருடப் பணியில் அவர் படித்துப் பார்த்துக் குத்திய முதல் முத்திரை அதுதான்.

இயக்குநர் அம்மா கட்டைப் புரட்டினார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார். இது ஒண்ணுதான் வித்தியாசமா இருக்கு. இதையே அனுப்பிடுங்க."

"மேடம், அது வந்து..."

"உண்மைன்னு நீங்கதானே முத்திரை போட்டிருக்கீங்க?"

போனது. அடுத்த ஆண்டு அங்கிருந்து ஒரு பெரிய புகைப்படம் வந்தது. அலங்கரித்த மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே அதே எண்ணிக்கையில் இன்னொரு வரிசை. ஆளுக்கொரு சிநேகிதி. கதவோரம் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் அம்மா நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு சரியாப் புரிஞ்சிக்கிட்டாங்க பாருங்க. ஏதாவது தப்பு இருக்கா சார்?"

இணைப்பு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தவரையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை மேடம்" என்றார். "அச்சு அசல் நம்ம நாடுதான்."