மூன்று ஆஸும் ஒரு மீசையும்

"கெட்ட சீட்டைக் கீழே போட எந்த மடையனுக்கும் தெரியும். நல்ல சீட்டைக் கீழே போடத் தெரிஞ்சவன்தான்யா ஆட்டக்காரன்."

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி ஓட ஆரம்பித்த புதிதில், கிராணி லாசரஸ் ஞாயிறுதோறும் மாதாகோவில் பூசை முடிந்ததும் இதைச் சொல்லுவார். சொல்லிவிட்டு மீசையை ஒரு தடவு தடவுவார். சாதாரண மீசை அல்ல அது. அவர் டிராமில் ஏறினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஆளுக்கொரு சாண் நகர்ந்து உட்காருவார்கள். மழைக்குக் குருவிகள் அதன் கீழே ஒதுங்கியதாகவும் கேள்வி.

தஞ்சோங் பாகார் துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டை எண்ணிக் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் அவருக்கு. அங்கே கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரனிடம் போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். கோவில் கூட்டாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து வீட்டின் முன்னறை சீட்டு மேசைக்குச் சொந்தமாகிவிட்டது. பந்தயம் எல்லாம் புளியங்கொட்டைதான். ஆனால் ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்தால் ஆளுக்கொரு கப்பலையே பணயம் வைத்திருப்பதாகத் தோன்றும்.

முன்னறைக்கு இன்னொருவரும் ஆசைப்பட்டார். கிராணியாரின் மனைவி பிலோமினம்மாள். கோவில் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் அடுப்படியில் அம்மிக்கும் விறகுக்கும் நடுவே கிடந்தது. கலியாண ரவிக்கையில் கருவாட்டு வாசம் வருகிறதென்று சம்பந்திகள் புகார் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. கூட்டாளிகள் ஒருவரும் வரவில்லை. கிராணியார் சீட்டுக் கட்டைக் கலைப்பதும் அடுக்குவதுமாகத் தவித்தார்.

"நான் வேணும்னா ஒரு கை உக்காரட்டுமா?" என்றாள் பிலோமினம்மாள்.

"நீயா? உனக்கு ஆஸுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"வாரா வாரம் காபி கொண்டாந்து வைக்கிறேன். கண்ணு ரெண்டையும் அடுப்படியிலயா வச்சிட்டு வர்றேன்?"

"சரி. பந்தயம் என்ன?"

"நான் ஜெயிச்சா முன்னறை மெஷினுக்கு. நீங்க ஜெயிச்சா முன்னறை உங்களுக்கே. கூட்டாளிங்களுக்கு வாரா வாரம் ரொட்டியும் ஆட்டுக்கறியும் என் செலவு. முணுமுணுக்கவும் மாட்டேன்."

முணுமுணுப்பு இல்லாத ஆட்டுக்கறியா? கிராணியார் அந்த நிமிஷமே சீட்டைக் கலைத்தார். தம் கையாலேயே ஆளுக்கு ஐந்து போட்டார். எடுத்துப் பார்த்தார். மூன்று ஆஸ். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள முயன்றார். மீசை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடியது. வேண்டாத இரண்டைப் போட்டுவிட்டு இரண்டு எடுத்தார். இரண்டும் ராஜா. மூன்று ஆஸ், இரண்டு ராஜா. இப்படி ஒரு கை அவருக்கு அதுவரை வந்ததில்லை.

"உனக்கு எத்தனை மாத்தணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணுமா வேணாம்?"

"இருக்கிறதே நல்லாத்தாங்க இருக்கு."

கிராணியாருக்கு லேசாக வியர்த்தது. மாற்றாமல் உட்காருகிறவன் கையில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அந்த வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான்.

"முன்னறை மட்டும் போதுமா? மேல ஏத்தலாம்ல?" என்றாள் அவள்.

"ஏத்தேன், பார்ப்போம்."

பிலோமினம்மாள் காதில் கை வைத்தாள். திருகைக் கழற்றினாள். அவள் தாய் போட்டு அனுப்பிய கெம்புத் தோடு. காய்ச்சலில் விழுந்தபோதுகூடக் கழற்றாதது. இரண்டும் மேசை மேல் வந்து உட்கார்ந்தன.

"இதுக்கு ஈடா நீங்க மீசையை வைங்க."

"மீசையையா?"

"ஆமா. இல்லாட்டி தோத்தேன்னு சீட்டைக் கவிழ்த்துடுங்க. முன்னறையோட போகும்."

வெளியே மழை கொட்டியது. ஒரு பொத்தானைக்கூடப் பந்தயம் கட்டாதவள் தோட்டைக் கழற்றி வைக்கிறாள் என்றால் சும்மாவா? மூன்று ஆஸையும் பார்த்தார். தோட்டையும் பார்த்தார். மனைவி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், துணி காயாதே என்கிற கவலை ஒன்றுதான் அவள் முகத்தில். கிராணியார் மூச்சை இழுத்துவிட்டு ஐந்து சீட்டையும் முகம் தெரிய மேசையில் விரித்தார்.

"பார்த்துக்கோ. இப்பேர்ப்பட்ட கையை எவனாவது கீழே போடுவானா? நான் போடுறேன். அதுதான் ஆட்டம். எங்கே, உன்னுதைக் காட்டு."

"கவிழ்த்தவருக்குக் காட்ட வேணாம்னு நீங்கதானே கூட்டாளிங்களுக்கெல்லாம் சொன்னீங்க? பார்க்கணும்னா கட்டணும்." தோட்டைப் போட்டுக்கொண்டு, தன் ஐந்து சீட்டையும் மடியில் முடிந்துகொண்டாள். மிச்சக் கட்டை வாரி எடுத்துக்கொண்டு மெஷினை இழுக்கப் போனாள்.

அதற்கப்புறம் கிராணியாருக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது சரியா தப்பா? கிடங்கில் மூட்டையைப் பார்த்தால் சீட்டாகத் தெரிந்தது. கப்பலையே கவிழ்க்கச் சொல்லிவிடுவாரோ என்று கூலிகள் பயந்தார்கள். வாரக் கடைசியில் நேரே நாவிதரிடம் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது, எந்த மீசையைக் காப்பாற்ற முன்னறையைக் கொடுத்தாரோ அந்த மீசை தரையில் கிடந்தது.

"கட்டிட்டேன். காட்டு," என்றார் வீட்டுக்கு வந்து.

பிலோமினம்மாள் உள்ளே போய் ஐந்து சீட்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்தாள். ஆஸ். ஆஸ். ஆஸ். ஆஸ். கடைசியில் ஏதோ ஒரு ஏழு.

கிராணியார் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாலு ஆஸ் தம் கையைவிடப் பெரிது. கவிழ்த்தது தப்பில்லை! அன்றிரவு மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுநாள் அடுத்த வீட்டு ஜவுளிக்கடை அப்துல் கஃபாரைப் பிடித்துக்கொண்டு கதையைக் கண் மூக்கு வைத்துச் சொன்னார். கஃபார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் கிராணியாரே, ஒரு கட்டுல எத்தனை ஆஸ் இருக்கும்? நாங்க சீட்டைத் தொடுறதில்ல, அதான் கேக்குறேன்," என்றார்.

"நாலு."

"அவங்க கையில?"

"நாலு."

"உங்க கையில?"

கிராணியார் விரல் விட்டு எண்ணினார். ஏழு வந்தது. மீசை இருந்த இடத்தைத் தடவினார். அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தார். இதைவிடப் பலமான கை ஒரு புருஷனுக்கு வாய்க்காது. முன்னறை திரும்பி வரும். ஆட்டுக்கறியும் வரும். பிலோமினம்மாள் ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யார் வீட்டுக் கலியாணத்துக்கோ நீல ரவிக்கை. காற்று நன்றாக வந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"மீசை இல்லாம, கோவில்ல தாலி கட்டின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கீங்க. காபி வச்சிருக்கேன்."

கிராணியார் நின்றார். யோசித்தார். பலமான கைதான். கவிழ்த்துவிட்டார். பேசாமல் உட்கார்ந்து காபியை எடுத்தார். நெஞ்சுக்குள் ஒரு நிறைவு. சிங்கப்பூரிலேயே பெரிய ஆட்டக்காரன் இப்போதுதான் தாம் ஆனதாகத் தோன்றியது.

"கஃபார் பாய் எண்ணிச் சொல்லிட்டாராக்கும்," என்றாள் பிலோமினம்மாள், மெஷினை நிறுத்தாமல்.

கிராணியார் காபியைக் கீழே வைத்தார்.

"நெசத்துல அன்னைக்கு என் கையில ஒரு ஜோடிகூட இல்லங்க. அதைக் காட்டினா இன்னும் ஒரு மாசம் சோறு திங்க மாட்டீங்களேன்னு கட்டுலேருந்து நல்லதா எடுத்தாந்தேன். ராணி நாலும் உள்ளேதான் இருந்துச்சு. தேடச் சோம்பல்பட்டுக்கிட்டு, மேல கிடந்த ஆஸையே எடுத்துட்டேன்."

"ஏன்டீ, ஏழு ஆஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேனா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கிடங்குல எண்ணுறவர் வீட்டுலயும் எண்ணுவார்னு நான் கண்டேனா?"