புல் தேறும்வரை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கு உறுதியில்லை. நேரில் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. தூவான நாட்டில் எந்நேரமும் மழை தூறிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குறையுள்ள எவரும் அரண்மனைக்கு முன்னிருந்த புல்வெளியில் போய் உட்காரலாம். உட்கார்ந்துவிட்டால் பேரதிபர் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதை அன்றே தீர்க்கவும் வேண்டும். ஈரப் புல்லில் உட்கார்ந்திருப்பவரால் வெகுநேரம் கம்பீரமாக இருக்க முடியாது என்று முன்னோர் எண்ணியிருக்கலாம்.

பேரதிபர் தண்டலையார் அங்கே தமக்கு ஒரு பெரிய சிலை வைத்துக்கொண்டார். சிலையின் நிழலில் பாசி படர்ந்தது. பாசியைக் கொன்று புல்லுக்கு ஊட்டமும் தரும் மருந்தை வரவழைத்தார்கள். பையில் அச்சிட்டிருந்த அளவு சாமானியர் புல்லுக்கானது என்று கருதிய செயலர் நவகோடியார், பதவிக்கு ஏற்றபடி அதை இரட்டிப்பாக்கினார். பாசி செத்துக் கறுத்தது. கூடவே பாதிப் புல்லும் கருகியது.

செத்த பாசியை வாரி எடுத்து, வெறுமையான இடத்தில் விதை தூவி, அளவாகத் தண்ணீர் விட்டு, மிதிக்காமல் விட்டால் தேறிவிடும். இதுவும் அந்தப் பையிலேயே இருந்தது. ஆனால் வாரினால் ஏதோ செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே பல் வைத்த வாருகோல்கள் தடை செய்யப்பட்டன. உழவர்கள் வைக்கோலைக் கையால் அள்ளினார்கள். அடுத்து, கறுப்பு என்ற சொல் தடை செய்யப்பட்டது. கரி விற்றவர்கள் தங்கள் சரக்கை ‘ஆழ்ந்த பச்சை’ என்று கூவினார்கள். பிறகு ஊர்க் குழாய்த் தண்ணீர் முழுவதும் புல்லுக்குத் திருப்பப்பட்டது. மக்கள் தூறலைக் குடத்தில் பிடித்துக் குடித்தார்கள். கடைசியாக, புல்லில் எவர் காலும் படாமல் காக்க ஒரு காவற்படை புல்லின்மீதே நிறுத்தப்பட்டது. அவர்கள் இரும்பு லாடம் அடித்த பூட்சு அணிந்திருந்தார்கள்.

குடை பழுதுபார்க்கும் பொன்னம்பி, தேநீர்க் கடையில் வெளியே பார்த்தபடி, “புல்லு கறுத்துப்போச்சு” என்று சொன்னான். யாரையும் குறை சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. தேநீர் ஆறுவதற்குள் அவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அவன் மனைவி சிலம்பாயி அரண்மனை வாசலுக்கு வந்தாள்.

“ஐயா, புல்லுல செத்த நேரம் உக்காரணும்.”

“முடியாதும்மா. புல் ஓய்வுல இருக்கு” என்றார் நவகோடியார்.

“அதுக்கு உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரொம்ப நல்லா இருக்கு.”

“நல்லா இருந்தா உக்காந்துக்கிறேன்.”

“நல்லா இருக்கிறதாலதாம்மா ஓய்வு.”

 அவள், கணவன் எப்போது வருவான் என்று கேட்டாள்.

“புல் தேறினதும்” என்று சொல்லிவிட்ட நவகோடியார், சொன்னது காதில் விழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

தேர்தல் வந்தது. இளங்கூத்தனார் என்பவர் வாருகோல் சின்னத்தில் நின்று, புல் கறுத்துவிட்டது என்று மேடைக்கு மேடை அழுதார். பெருவாரியாக வென்றார். சொன்னபடி வாரினார், விதைத்தார், அளவாகத் தண்ணீர் விட்டார். சிலையில் தலையை மட்டும் மாற்றிக்கொண்டார். இளம்புல் முளைத்தது.

சிலம்பாயி மறுபடி வந்தாள். வாசலில் அதே நவகோடியார்தான் இருந்தார்.

“கறுத்துப்போச்சுன்னு இப்ப அரசாங்கமே சொல்லுது. எங்க வீட்டுக்காரரும் அதைத்தானே ஐயா சொன்னாரு?”

“சொன்னது சரிதாம்மா. அனுமதி வர்றதுக்கு முந்தியே சொல்லிட்டாரே.”

“அப்ப புல்லுல உக்காந்து அதிபர்கிட்டயே கேக்குறேன்.”

“இளம்புல்லும்மா. பச்சைப் புள்ள மாதிரி. தேறட்டும்.”

அவள் புல்லைப் பார்த்தபடி நின்றாள். அப்போது அவள் என்ன நினைத்தாள் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன், தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நேராக நடந்துபோய் நடுவில் உட்கார்ந்தாள். புதிய அரசின் காவலர்கள் புல்லை மிதிக்கக் கூடாதவர்கள். ஆகவே ஓரத்தில் நின்று கையசைத்தார்கள்.

இளங்கூத்தனாருக்கு வேறு வழியில்லை. வந்து எதிரே உட்கார்ந்தார். முழுவதையும் கேட்டார், கண் கலங்கினார் என்றும் சொல்கிறார்கள். அங்கேயே விடுதலை ஆணையில் கையெழுத்திட்டார். இருவரும் எழுந்தபோது புல் இரண்டு இடங்களில் நசுங்கியிருந்தது. பெரிய நசுங்கல் அதிபருடையது. அதுவும் அவளால் நேர்ந்ததே என்று நிபுணர் குழு முடிவு செய்தது.

பொன்னம்பி அன்றே விடுதலையானான். இளம்புல்லுக்கு ஊறு விளைவித்த குற்றத்துக்காக, அவன் காலி செய்த அறையில் சிலம்பாயி அடைக்கப்பட்டாள். தண்டலையார் எதிர்க்கட்சித் தலைவராகி, தம் காலத்துப் புல் உறுதியானது என்று பேசி வருகிறார். நவகோடியார் பதவி உயர்வு பெற்றார். புல் நன்றாகத் தேறிவிட்டது. தேறியது மறுபடி கெட்டுவிடக் கூடாது என்று சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே பொன்னம்பி நிற்கிறான்.