முப்பத்தேழு-அ

வேலை போன கதையைச் சொல்கிறவர்கள் கடைசியில் வருத்தம் தெரிவிப்பது வழக்கம். நான் தெரிவிக்கப் போவதில்லை. முட்டாள்தனம் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். பொய் எழுதவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பெருநகரில் அதே குடும்பங்களை வருஷா வருஷம் பார்த்து, என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன நோய், என்ன வேலை என்று எழுதும் தற்காலிக உத்தியோகம் எனக்கு. ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம், இது விதி. குடும்பத்துக்கு ஓர் எண்ணைத் தாரால் சுவரில் எழுத வேண்டும். தார்ச்சட்டியோடு நான் நடந்தால் ஊரே நடுங்குவதாக நினைப்பு. (நாய்கள்கூடக் குரைக்கவில்லை.)

முதல் வருஷம், பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, டைரியில் இருக்கிறது. முப்பத்தேழாம் வீட்டில் கூலி வேலைக்குப் போகும் முனியம்மாவுக்கும் மருமகள் ராஜம்மாளுக்கும் கருவாட்டுக் குழம்பின் உப்புக்காக முந்தின நாள் சண்டை. மருமகள் பின்பக்கம் மூன்று கல் வைத்துத் தனியாக உலை ஏற்றியிருந்தாள்.

"பொயுது சாஞ்சா சரியாப்பூடும் நைனா, நாளிக்கு வா" என்றாள் முனியம்மா.

போகிற அன்று உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று விதியைப் படித்துக் காட்டிவிட்டு, பின்சுவரில் 37-அ என்று முத்து முத்தாக எழுதினேன்.

மறு வருஷம் மேலதிகாரியும் கூட வந்தார். அவர் சிபாரிசு எழுதினால்தான் என் வேலை நிரந்தரம். மூன்று கல் இருந்த இடத்தில் மண்சுவரும் கூரையும். மங்கிய 37-அ எழுத்தின் மேலேயே அன்று காலைதான் புதுத் தாரால் எழுதியிருந்தாள் ராஜம்மாள். அவள் புருஷன் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டுச் சதை போட்டிருந்தான்.

"ஒரு நாள் சண்டைய இவன் தார் பூசி வளத்துட்டான் சாமி" என்று அதிகாரியிடம் முறையிட்டாள் முனியம்மா.

அதிகாரி சிவந்துபோனார். போன வருஷத் தாளில் 37-அ தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் சிபாரிசு கிடையாது என்றார்.

"அன்னைக்கு அந்த உலை கொதிச்சது சார். எழுதினத அடிக்க மாட்டேன்."

அவரே சுவரில் இருந்த எண்ணைக் கையால் அழிக்கப் போனார். ராஜம்மாள் அகப்பையோடு குறுக்கே வந்தாள்.

"கவர்மெண்டே தனி வூடுன்னு நம்பர் போட்டுக்கீது. அழிக்க நீ யாரு?"

அதிகாரி பின்வாங்கினார். அதற்குள் உள்ளங்கை தாராகியிருந்தது. அதை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் போயிற்று, என் வேலையும் போயிற்று.

அன்று பகல் ராஜம்மாள் எனக்குச் சோறு போட்டாள். வாசலுக்கு வந்தால் முனியம்மா, திட்டிக்கொண்டே, இன்னொரு தட்டு வைத்திருந்தாள். இரண்டையும் சாப்பிட்டேன். உப்பு இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனாலும் குடும்பம் இரண்டுதான். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.

என் வீட்டில் இப்போதும் சமையலில் நான் குற்றம் சொன்னால் மனைவி "தார் வாங்கியாரவா?" என்று மட்டும் கேட்பாள். நான் தட்டைக் காலி செய்துவிடுவேன்.