கழன்றுகொண்டே இருந்த நட்டு

எஸ்டேட் அம்பாசிடரின் மீட்டர் முள் மறுபடியும் செத்துக் கிடந்தது. கார் ஓடியது, முள் ஓடவில்லை. கிலோமீட்டர் எண்களும் அப்படியே நின்றன.

முதலாளி மெட்ராஸில் இருந்தார். அவர் இல்லாத நாட்களில் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து, வண்டி எவ்வளவு ஓடியது என்று கண்காணிப்பது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயரின் பொறுப்பு. பொறுப்பு என்று வந்துவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மெக்கானிக் மரியதாஸ் காருக்கடியில் புகுந்தார். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளின் நுனியை விரலால் சுற்றினார். மேலே முள் துள்ளியது.

"மீட்டரும் நல்லாருக்குதுங்க, கேபிளும் நல்லாருக்குதுங்க. கேபிளைப் புடிச்சிருக்கிற நட்டுதான் கழண்டிருக்குது. மலை ரோட்டுக் குலுக்கலுங்க."

முறுக்கிவிட்டுப் போனார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சிங்கராயர் சும்மா இருப்பாரா? சேலத்துக்கு ஆள் விட்டுப் புதுக் கேபிள் வாங்கி மாட்டச் சொன்னார். அது நீளம் அதிகம். உள்ளே மடங்கிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தியது. கொண்டை ஊசி வளைவில் கார் ஊர்ந்தபோது முள் எண்பதில் நின்று ஆடியது. பழசே தேவலை என்று பழசையே மாட்டினார்கள். அதுவும் கழன்றது.

இந்தத் தடவை நட்டின் மேல் சிவப்புப் பெயிண்டைப் பூசி வைத்தார் ரைட்டர். மறுநாள் பெயிண்டில் ஸ்பேனர் தடம் பதிந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி எங்கே போனாலும் மீட்டருக்குத் தெரியாது.

டிரைவர் சின்னத்தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நட்டைக் கழட்டுனது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"வாடகைக்கு ஓட்டுறயா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்குக் கழட்டுன?"

சின்னத்தம்பி கார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

அன்றிலிருந்து கார் சாவி ரைட்டர் வீட்டு ஆணியில் தொங்கியது. அதன் பிறகுதான் நட்டு முன்னைவிட அடிக்கடி கழன்றது.

"கள்ளச்சாவி வேற போட்டுட்டான்," என்று மனைவி சாந்தாமேரியிடம் பொருமினார். "முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிடப் போறேன்."

"பாவங்க, புள்ளகுட்டிக்காரன். ஒரு வாரம் பொறுங்க," என்றாள் அவள்.

சொன்னால் சின்னத்தம்பிக்கு வேலை போகும், எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். சொல்லாவிட்டால் அவரும் திருட்டுக்கு உடந்தை. சின்னத்தம்பியை அவருக்குப் பிடிக்கும். நான்கு நாள் தவித்துவிட்டு, போன் பேசக் கிளம்பினார்.

வழியில், காப்பிக் களத்தில் கொட்டை காயப்போடும் மாதம்மாள் நின்றாள். கார் ஷெட்டுக்கு நேர் எதிரேதான் களம். ஒரு சாட்சி இருந்தால் நல்லதென்று தோன்றியது.

"மாதம்மா, நான் ஆபீஸ்ல இருக்கறப்ப வண்டிய எடுத்துட்டுப் போறது சின்னத்தம்பிதானே?"

"அவரு பக்கத்துலதானுங்க உக்காந்திருப்பாரு," என்றாள் மாதம்மாள். "ஓட்டுறது உங்க ஊட்டுக்காரம்மாங்க. போன மழையில டிரைவரு ஊருல இல்லாம, நீங்க நெஞ்சு வலியோட விடிய விடியக் கெடந்தீங்களே, அதுலருந்து செம்மநத்தம் ரோட்டுல பழகிட்டிருக்காங்க."