கணினிக்குப் போட்ட அம்மை

திருமணமாகி முப்பத்தோராண்டுகளில் நான் திட்டமிட்டுச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் யாவும் அதில் முறையாக அமைந்திருந்தன. ஆயினும் அது தோற்றது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுமையாக மீளவில்லை.

1995ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கோலாலம்பூரிலுள்ள எங்கள் மகன் கொடுத்த பழைய கணினியைக் கிரீன் லேன் வீட்டின் முன்னறையில் வைத்துக்கொண்டு, மாணவர்க்கான இலக்கண நூலொன்றை எழுதிவந்தேன். இரண்டு விரல்களால் தட்டித் தட்டி, இரண்டாண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். முடிவுரை மட்டுமே எஞ்சியிருந்தது. அச்சகம் நடத்தும் மீரா சாகிப், "இருபதாம் தேதிக்குள்ளே குடுத்துடுங்க வாத்தியாரே. தப்பினா பள்ளிக்கூட நோட்டு வேலை வந்துடும், அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நூல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி கிடையாது.

பெட்டியோ என் வசம் இல்லை. என் மனைவி வள்ளிநாயகியும் பக்கத்து வீட்டுப் பெர்னார்டின் மனைவி ரோசம்மாவும் அதிலுள்ள சீட்டு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு இருவரும் அதன்முன் அமர்ந்தால், மதியச் சோறு வடியும் வரையில் எழமாட்டார்கள். சோறு முடிந்ததும் மீண்டும் அமர்ந்தால், என் கண்ணுக்கு எழுத்து மங்கும் இரவில்தான் எழுவார்கள்.

"வள்ளி, சற்று எழுந்திரு. முடிவுரை எழுத வேண்டும்."

"இருங்க. கறுப்பு ராணி வரட்டும்."

"அவள் எப்போது வருவாள்?"

"எனக்கென்ன தெரியும்? வந்தா நீங்களே கேளுங்க."

"அண்ணே, இப்ப எழுப்பினா அக்காவுக்குக் கை ராசி போயிடும் லா" என்றாள் ரோசம்மா. "முடிவுரைதானே? கடைசியில எழுதிக்கலாம்."

தேதி ஒன்பதாகிவிட்டது. அன்று நாளிதழில், கணினிக்குள் புகுந்து உள்ளிருப்பதையெல்லாம் அழிக்கும் வைரஸைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. படித்து முடித்ததும் வீரத் தீர்மானம் ஒன்றை எடுத்தேன். வள்ளியை எழுப்ப முடியாது. ஆனால் அச்சுறுத்த முடியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கணினியின்முன் இரு கைகளையும் விரித்து நின்றேன்.

"யாரும் தொடாதீர்கள்! உள்ளே வைரஸ் புகுந்துவிட்டது!"

ரோசம்மா நீட்டிய விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "அலமாக்! அப்படின்னா என்னண்ணே?"

"கிருமி. சீட்டு விளையாட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் பரவும். நான் ஒருவனே தனித்திருந்து, சிறிது சிறிதாக அகற்ற வேண்டும்."

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள் வள்ளி.

"பத்து நாள்."

"தொட்டா பரவும், பத்து நாள் ஆகும். அம்மை மாதிரியா?"

"அம்மையே என்று வைத்துக்கொள்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. அதற்கு முந்திய வாக்கியத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வள்ளி கணினியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சற்று நேரம் கூடுதலாகவே பார்த்தாள். அப்புறம் குனிந்து, மின்கம்பியைக் கழற்றிச் சுருட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன செய்கிறாய்? நான் அகற்றுகிறேன் என்றேனே!"

"ஆத்தா வந்திருக்கா. அகற்றுறேன்னு வாயால சொல்லலாமா? கன்னத்துல போட்டுக்குங்க முதல்ல."

போட்டுக்கொண்டேன்.

"அம்மை போட்ட பிள்ளையை எழுப்பி வேலை வாங்குவாங்களா? அது பாட்டுக்குப் படுத்திருக்கட்டும். நீங்களும் தொடக் கூடாது."

"நாங்க வேதக்காரங்கதான்" என்று ரோசம்மா சேர்ந்துகொண்டாள். "ஆனா எங்க வீட்டுலயும் அம்மைன்னா தாளிக்க மாட்டோம், அண்ணே."

அன்று மதியம் என் தட்டில் வெறும் சோறும் மோரும் இருந்தன. பொரித்த கெம்போங் மீனை எதிர்பார்த்து அமர்ந்தவன் நான்.

"வள்ளி, மீன்?"

"அம்மை வீட்டுல மீனா?"

"ஓர் அப்பளமாவது?"

"எண்ணெய் காயக் கூடாதுங்க. நீங்க சவரமும் பண்ணக் கூடாது. கல்யாணம், கருமாதி, சங்கக் கூட்டம் எதுக்கும் போகக் கூடாது. தினமும் புது வேப்பிலை வேணும். வீட்டு ஆம்பளைதான் கொண்டாரணும்."

"வேம்பு எங்கே இருக்கிறது?"

"தண்ணிமலை அடிவாரத்துல. நடந்து போங்க. பஸ் ஏறினா பத்துப் பேருக்கு ஒட்டிக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்புங்க. பனி காய்ஞ்ச இலைதான் ஆத்தாவுக்குப் பிடிக்கும்."

போகும் வழி ஒரு மணி நேரம். திரும்பும் வழி ஒரு மணி நேரம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு விளக்குக் கம்பத்தினடியிலும் நின்று எண்ணினேன். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்தாறாண்டுகள் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவன் நான். எந்த முகத்தோடு சொல்வது? நாலாம் நாள், பழைய சக ஆசிரியர் கார்த்திகேசு எதிரே வந்தார். என் தாடியையும் கையிலிருந்த வேப்பங்கொத்தையும் பார்த்துப் பதறினார்.

"ஐயோ, வீட்டுல யாருக்கு?"

"கணினிக்கு" என்றேன்.

கார்த்திகேசு சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டார்.

பதினெட்டாம் தேதி வந்தது. முடிவுரையில் ஓர் எழுத்தும் எழுதவில்லை. இனிப் பொறுப்பதில்லை என்று நான் வாயெடுக்கும்போதே வள்ளி முந்திக்கொண்டாள்.

"இன்னிக்குத் தண்ணி ஊத்திடலாம். ஆத்தா இறங்கிடுவா. அப்புறம் நீங்க தாராளமா எழுதுங்க."

எனக்குக் கண்கள் பனித்தன. வேப்பிலையால் நாலு துளி தெளிப்பாள் என்று எண்ணிக்கொண்டு, அன்று மலையடிவாரத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். திரும்பிவந்து வாயிற்படியில் கால் வைத்தவன் அப்படியே உறைந்துபோனேன்.

கணினியைச் சுற்றித் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. கைகளில் துணிகளோடு ரோசம்மா. எதிரே, ஒரு வாளி நிறைய மஞ்சள் நீருடன் என் மனைவி. என் கையிலிருந்த இலைகளை வாங்கிக் கசக்கி அதில் போட்டாள்.

"வள்ளி, இதை எங்கே ஊற்றப்போகிறாய்?"

"தலையில."

"எதன் தலையில்?"

"ரோசம்மா, இதுக்குத் தலை எது?"

"டிவி மாதிரி இருக்கே, அதான் தலை, அக்கா. கீழே இருக்கிற பெட்டி வயிறு."

"அப்ப ரெண்டுலயும் ஊத்தணும். வயித்துலதான் கிருமி நிறைய இருக்கும்."

அந்த வயிற்றில்தான் என் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் இருந்தன! வள்ளி வாளியைத் தோளுயரம் தூக்கினாள். கண்களை மூடினாள். "தாயே!" என்றாள். வாளி சாய்ந்தது. விளிம்பில் ஒரு வேப்பிலை வந்து நின்றது.

"நிறுத்து!" என்று அலறினேன். "வைரஸே இல்லை! நான் சொன்னது பொய்!"

வாளி அந்தரத்தில் நின்றது.

"பொய்யா?"

"பொய்தான்."

"நீங்களா?"

"நான்தான்."

"ரோசம்மா, கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. பெர்னார்ட் நம்ப மாட்டாரு."

வள்ளி வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை. அலமாரியைத் திறந்து கம்பியை எடுத்துவந்தாள். பெட்டியின் பின்பக்கத்தைப் பாராமலே, ஒரே கையால், ஒரே குத்தில் செருகினாள். நான் அதைச் செருகக் கைவிளக்கும் முழங்காலும் வேண்டும். அவள் கையோ அதை நாள்தோறும் செருகிய கை.



"வள்ளி… நான் இலை பறிக்கப் போனபோதெல்லாம்…"

"ஒன்பதிலிருந்து பதினொண்ணு வரைக்கும் நிம்மதியா ஆடினோம். நடுவுல ஒரு நாள் பத்தே முக்காலுக்கே வந்து நின்னுட்டீங்க. அவசர அவசரமாக் கம்பியைக் கழட்டி ஒளிக்க ரொம்ப சூசாவாப் போச்சு."

"அப்படியானால் உனக்கு முன்பே தெரியுமா?"

"ரோசம்மா தம்பி ஆர்தர் அக்கரையில, செபராங் ஜெயாவுல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு இல்ல? நீங்க முதல் நாள் இலைக்குப் போனதும் ஃபெரி ஏறி வந்து பார்த்தாரு. ஒரு கிருமியும் இல்ல, குழந்தை மாதிரி இருக்குன்னாரு."

"தம்பிக்குத்தான் சிரிப்பு அடங்கல அண்ணே" என்றாள் ரோசம்மா. "ஃபெரியிலயும் சிரிச்சுக்கிட்டே போச்சாம்."

நாற்காலியில் சரிந்து அமர்ந்தேன். "என் நூல்?"

"ஒரு எழுத்துக்கூடக் குறையல. உக்காந்து எழுதுங்க. இருபதாம் தேதி வரைக்கும் எங்க ஆட்டத்துக்கு லீவு. ராத்திரிக்கு மீன் பொரிக்கிறேன். போதுமா?"

போதும் என்று தலையசைத்தேன். இத்தனை எளிதில் தப்பிவிட்டோமே என்று நெஞ்சு நிறைந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் வள்ளி. "இது ஆத்தா பேரைச் சொல்லி எடுத்த தண்ணி. வீணாக் கீழே கொட்டக் கூடாது."

"எடுத்தா யாருக்காச்சும் ஊத்தித்தான் ஆகணும்" என்றாள் ரோசம்மா.

"கம்ப்யூட்டருக்குத்தான் ஒண்ணுமில்லையே."

ரோசம்மா பிளாஸ்டிக் விரிப்பை இரண்டடி இழுத்து என் நாற்காலிக்கடியில் பரப்பினாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்தேன்.