சிறுவர்களும் ஏறலாம்

எனக்கு உயரம் என்றால் பயம். பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினால்கூட, இறங்குவதற்கு மனைவி செல்வியின் தோள் வேண்டும். இந்தக் குறையை மறைக்க நான் கண்டுபிடித்த வழி, மலைகளைப் பற்றி எழுதுவது.

வேங்கிக்காலில் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும். அதில் பருவதமலைக்கு ஏறும் வழியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். (திருவண்ணாமலையிலிருந்து போளூர் பக்கம் போனால் வரும் செங்குத்தான மலை அது. உச்சிக் கோயிலில் யார் வேண்டுமானாலும் தம் கையாலேயே சாமிக்கு அபிஷேகம் செய்யலாம்.) ஏறி வந்த பதினோரு பேரை விசாரித்து, பழைய நூல்கள் மூன்றோடு ஒப்பிட்டு எழுதியது. எந்த இடத்தில் மோர் கிடைக்கும், எந்த இடத்தில் குரங்கு பையைப் பிடுங்கும் என்பதெல்லாம் இருந்தது. பாறையில் கடப்பாறைகளை அடித்துப் படியாக்கியிருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: 'சிறுவர்களும் ஏறலாம்.' பதினோரு பேரில் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பையன். ஆதாரம் இல்லாமல் நான் எழுதுவதில்லை.

கட்டுரை வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. சங்கத்தின் ஆண்டு விழாவில் செயலாளர் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"சார் எத்தினி வாட்டி ஏறி இருக்கீங்க?"

"கணக்கு வச்சிக்கலைங்க" என்றேன். (பொய் இல்லை. பூஜ்யத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்?)

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வி தட்டவில்லை.

"ஞாயித்துக்கெழம கெளம்பறோம்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள ஒரு வாட்டியாவது ஏறிட்டு வந்துடுங்க. எனக்கு மானம் போவுது."

எதை எழுதினாலும் தேதி போடுவது என் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போடுவதாக இல்லை.

காலை 5.40க்கு ஏறத் தொடங்கினோம். மரங்கள் இருந்தவரை நான் வீரன். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். இறங்கி வந்தவர்களிடம் தூரம் கேட்டேன். "இன்னும் கொஞ்சம்தாங்க" என்றார் ஒருவர், 6.55க்கு. 7.30க்கு இன்னொருவர் அதையே சொன்னார். 8.10க்கு மூன்றாமவரும். மூன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு மரங்கள் முடிந்து முகடு வந்தது. ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாறை, இரண்டு பக்கமும் வெறும் காற்று, எதிரே கடப்பாறைப் படி.

நான்கு படி ஏறினேன். ஐந்தாவதில் கால் என் பேச்சைக் கேட்க மறுத்தது. பிடித்துக்கொள்ளச் சங்கிலியைத் தேடினேன். இடக்கைப் பக்கம் இருப்பதாகக் கட்டுரையில் எழுதியிருந்தேன். அது வலக்கைப் பக்கம் இருந்தது. சாகப்போகிறேனே என்று தோன்றவில்லை. பிழைதிருத்தம் வெளியிடாமல் சாகப்போகிறேனே என்றுதான் தோன்றியது.

எனக்கு நேர் மேலே ஓர் அம்மாளும் அப்படியே நின்றுவிட்டிருந்தார். சேத்துப்பட்டில் டிபன் கடை வைத்திருக்கும் மல்லிகா என்று பிறகு தெரிந்துகொண்டேன். முன்னால் ஏறிப் போய்விட்ட கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிறுவர்களும் ஏறலாம்னு போன்ல வந்துச்சே, அத்த நம்பி வந்தேன். எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

எனக்குக் கீழே நின்ற செல்வி நிதானமாகச் சொன்னாள். "கையில இல்லம்மா. உங்க காலுக்குக் கீழதான் நிக்கறாரு."

மல்லிகா குனிந்து பார்த்தார். "நீங்களா எழுதினது?"

"பதினோரு பேரக் கேட்டுதான்..."

"கேட்டா? அப்போ நீங்க ஏறினதே இல்லியா?"

"இதோ ஏறிட்டுதானே இருக்கேன்."

"எங்க ஏறினீங்க? கால் மணி நேரமா நிக்கறீங்க" என்றாள் செல்வி.

எங்களுக்குக் கீழே நின்ற வரிசையில் சிரிப்பு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. அவர்களில் மூன்று பேர் என் கட்டுரையைப் போனில் வைத்திருந்தார்கள். மல்லிகாவுக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனார். (என் எழுத்தால் இன்னொருவர் அடைந்த நேரடிப் பயன் இது ஒன்றுதான்.)

நான் இறங்கினேன், உட்கார்ந்தபடியே. வரிசை முழுவதும் பாறையோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டது. பேன்ட்டின் பின்பக்கத்தில் ஒரு பகுதி இரண்டாவது கடப்பாறையிலேயே தங்கிவிட்டது. நான் கடந்து போன ஒவ்வொருவரும், பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்சம்தான் சார்" என்று தேற்றினார்.

செல்வி உச்சிக்குப் போய், என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அபிஷேகம் செய்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினாள். நான் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். என் நெற்றியில் விபூதி வைத்தாள்.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த மலர்ல திருத்தம் போட்டுடுவாருன்னு."

போட்டேன். 'சென்ற ஆண்டுக் கட்டுரையில் சங்கிலி இடப்பக்கம் என்பதை வலப்பக்கம் என்று திருத்தி வாசிக்கவும். சிறுவர்களும் ஏறலாம் என்பது சரியே. கட்டுரையாளர் ஏறவில்லை.'

இப்போதெல்லாம் வீட்டில் நான் ஸ்டூலைத் தொட்டாலே, "பயப்படாதீங்க, சிறுவர்களும் ஏறலாம்" என்கிறாள் செல்வி. சென்னையில் நான்காவது மாடியில் இருக்கும் மகளும் வீட்டுக்குக் கூப்பிடும்போது அதையே சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

சேத்துப்பட்டு வழியாகப் போகும்போதெல்லாம் மல்லிகாவின் கடையில் சாப்பிடுகிறோம். மாடியில் ஃபேன், ஜன்னல், நல்ல காற்று எல்லாம் உண்டு என்று செல்வி சொல்லித் தெரியும். என் தலையைக் கண்டதுமே மல்லிகா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார்:

"சாருக்குக் கீழயே எல போடு."